சும்மாடு தாங்காத தலை

பெரியம்மா சும்மாட்டுத் துணியை மாற்றிய அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திரேஸ்புரம் கரையில் அன்றைய ஏலம் முடிந்திருந்தது. சாளையும் மேலே கொஞ்சம் விளமீனுமாக அலுமினியச் சட்டி நிறைந்து, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். வைத்த மறுநொடி, "இறக்குங்க, இறக்குங்க" என்று கத்தினார். சுமைக்குக் கீழே அவர் வைத்திருந்த சும்மாடு, பெரியப்பா இறந்த பிறகு அவருடைய கைலிச் சாரத்தைக் கிழித்து முறுக்கி வட்டமாகச் சுற்றியது. மீன் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்து விறகுக்கட்டைபோல இறுகியிருக்கும். அதை எடுத்துத் தடவிப் பார்த்தார், உதறினார், தூர வீசினார். தோளில் கிடந்த துவாலையை நாலாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, "துணி கல்லாட்டம் ஆயிட்டுளா, மண்டையில குத்துது" என்றார். "இருவது வருசம் குத்தாதது இன்னைக்குத்தான் குத்துதாக்கும்? வயசாயிட்டு, ஒத்துக்கோங்க பெரியம்மா" என்றேன் நான். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போது வலது நெற்றிப்பொட்டை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தார். ஒரு தை மாதத்துக் காலை அது. நான் கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

என் அம்மாவின் அக்கா அவர். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். பிள்ளை இல்லாத பெரியம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அவரும் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் போய்ச் சேர்ந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பிறகு தனி வீடு போனதும் அதே தெருவில்தான். எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்கு உப்புச்சத்து எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். பெரியம்மாவைப் பற்றி எனக்கு அதற்கும் மேலே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவரிடம் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். நேற்றைய மீன் என்றால் நேற்றைய மீன் என்று அவரே சொல்லிவிடுவார். "பொய் சொல்லி வித்தா அது அவங்க சட்டியிலயே நாறிரும்" என்பார். அந்த நாக்கில் பொய் வராது என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்லியிருப்பேன்.

சும்மாடு மாறிய பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை வார மறுத்தார். சீப்பு பட்டால் வலது பக்கம் எரிகிறது என்றார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு தோளும் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கிக் கொண்டை போட அரை மணி நேரம் ஆனது. வெற்றிலை போட்டால் நாலு மெல்லு மெல்லுவதற்குள் தாடை கடுத்து, பாதியிலேயே துப்பிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடுவார். இது எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. நாற்பது வருடம் தலையில் சட்டி சுமந்தவளுக்குத் தலை நோகாமல் வேறு யாருக்கு நோகும்? தோள் பிடிப்பது சுமையால். தாடை கடுப்பது வெற்றிலையால், கடைவாய்ப் பல் ஆடுவதால். கரையில் இருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதில் நல்ல நல்ல காரணங்களைக் கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். படித்தவள் அல்லவா.

அறுபத்தெட்டு வயதுவரை தலைவலி என்று ஒரு நாள் படுத்தறியாதவருக்குப் புதிதாக ஏன் தலைவலி வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் கரையில் அப்படி யாரும் கேட்பதில்லை. வலி வந்தால் மருந்துக்கடை அண்ணாச்சியிடம் போவோம். ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே அவர் கடை. முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறார். காலையில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் காதுவலிக்கு, வலை இழுக்கிறவர்கள் இடுப்புக்கு, மீன் சுமக்கிறவர்கள் கழுத்துக்கு என்று வரிசையாக நிற்பார்கள். அவர் ஆளைப் பார்ப்பார், ரெண்டு கேள்வி கேட்பார், நாலைந்து டப்பாவைத் திறந்து மாத்திரைகளை உதிரியாக எடுத்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுப்பார். அதற்குச் 'செட்' என்று பெயர். அட்டையை வெட்டிக் கொடுப்பதாக இருந்தாலும் மாத்திரையின் பெயர் அச்சிட்ட பக்கம் அவர் கையிலேயே நின்றுவிடும். என்ன மாத்திரை என்று கேட்பது மரியாதையில்லை. பெரியப்பா இறந்த அன்று கடையை அடைத்துவிட்டு வந்து, தோள் கொடுத்துத் தூக்கியவர் அவர். பெரியம்மா நல்ல சீலா மீன் கிடைத்தால் ஒரு துண்டு அவர் வீட்டுக்கென்று எடுத்துவைக்காமல் விற்கமாட்டார்.

பெரியம்மாவும் போனார். அண்ணாச்சி கொடுத்த செட் வேலை செய்தது. மூன்றாம் நாளே பெரியம்மா கையைத் தூக்கிக் கொண்டை போட்டார். நன்றாகச் சாப்பிட்டார். தவக்காலம் முடிவதற்குள் முகம் ஒரு சுற்று பூரித்து, கன்னம் பளபளத்தது. "பத்து வயசு கொறஞ்சிட்டு" என்று நான் கன்னத்தைக் கிள்ளினேன். வலி முழுக்கப் போகவில்லை. நாளுக்கு ஒரு முறையாவது எட்டிப் பார்க்கும். ஆனால் சட்டி தூக்க முடிந்தது. அவருக்கு அது போதும். காலையில் ஏலம், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு நாலு தெரு, பதினைந்து வீடு. அந்தப் பதினைந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக் கொடுத்து, ஊர்க்கதை பேசி, மத்தியானம் வெறும் சட்டியோடு திரும்புவதுதான் அவருக்குத் தெரிந்த வாழ்க்கை. வீட்டில் உட்காரச் சொன்னால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் ஊளி மீனை அறுத்துக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில் சீலை விழுந்ததுபோல் இருட்டியிருக்கிறது. ஒரு நிமிடம்கூட இருக்காது, தெளிந்துவிட்டது. மறுநாளும் ஒரு முறை. அதற்குத்தான் அவர் பயந்தார். அவராகவே என்னிடம் வந்து, "ஏளா, ஒரு நல்ல டாக்டரா பாத்துக் காட்டு" என்றார். எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு நிறையச் சீட்டு அனுப்புகிற ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்கிறவர். நெற்றிப்பொட்டில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். மெல்லும்போது வலிக்கிறதா என்று அவராகவே கேட்டார். வயதானவர்களுக்குத் தலைக்குப் போகிற ரத்தக்குழாயில் அழற்சி வந்தால் இப்படித்தான் இருக்கும், நம் பக்கம் அபூர்வம், இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றார். அதற்குப் பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"வலி மாத்திர மட்டும்தான். வேற ஒண்ணுங் கெடையாது" என்றார் பெரியம்மா.

நான் சும்மா இருக்கவில்லை. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அங்கேயே உட்கார்ந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பெரியம்மாவுக்குக் கொடுக்கும் செட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு வலி மாத்திர, ஒரு வாயு மாத்திர, ஒரு சத்து மாத்திர. அவ்ளோதாம்மா" என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டு சீட்டில் இ.எஸ்.ஆர். எழுதினார்.

அந்தச் சோதனையை நான் என் கையாலேயே செய்தேன். நீளமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி நிறுத்திவைத்தால், ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு தூரம் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. உடம்பில் அழற்சி இருந்தால் சரசரவென்று இறங்கும். பெரியம்மாவுடைய ரத்தம் முப்பத்துநாலில் நின்றது. இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அது பெரிய விஷயமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரும் யோசித்துவிட்டு, அந்த நோய் என்றால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காட்டும், இது கழுத்தெலும்புத் தேய்மானமாகத்தான் இருக்கும் என்றார். கண்ணைத் தனியாக ஒரு கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார். கடை மாத்திரைகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார். பெரியம்மா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, அவர் டப்பாவில் இருந்த அத்தனை உறைகளையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கண் டாக்டரிடம் அடுத்த வாரம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். பரிசோதனை நிலையத்தில் ஆள் குறைவு.

ஒன்பதாம் நாள் காலை ஏலத்தில் நிற்கும்போது வலது பக்கத்தில் நின்றவளை இடித்து, இடித்ததுகூடத் தெரியாமல் இன்னொரு அடி எடுத்துவைத்து, மீன் குவியலில் விழுந்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது. நான் போனபோது ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து இடது கண்ணைக் கையால் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இத மூடினா ஒண்ணுமே இல்லளா. நீகூட இல்ல" என்றார்.

கண் மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே நரம்பு வெளிறி வீங்கியிருக்கிறது என்றார். சீப்பைப் பற்றிக் கேட்டார், தாடையைப் பற்றிக் கேட்டார், தோளைப் பற்றிக் கேட்டார். பிறகு என் விரலைப் பிடித்துப் பெரியம்மாவின் நெற்றிப்பொட்டில் வைத்தார். தோலுக்கடியில் சணல் கயிறுபோல ஒன்று விறைத்துக் கிடந்தது. துடிக்க வேண்டிய குழாய், துடிப்பே இல்லை. நாலு மாதமாகப் பக்கத்தில் இருந்தும் நான் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. ரத்தம் எடுத்தார்கள். இ.எஸ்.ஆர். நூற்றுப் பன்னிரண்டு. கையோடு நரம்பில் ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். குழாயில் சின்னத் துண்டு வெட்டிச் சோதித்துத்தான் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்று படித்த ஞாபகம் எனக்கு. சோதிக்காமல் மருந்தா என்று கேட்டேன். "துண்டு எடுக்க ரெண்டு நாள் ஆகலாம். இன்னொரு கண்ணு ரெண்டு மணி நேரம்கூடப் பொறுக்காது" என்றார் டாக்டரம்மா. துண்டும் எடுத்தார்கள். அந்த நோய்தான் என்று அறிக்கை வந்தது. இடது கண் தப்பியது. வலது கண் போனது போனதுதான், வராது என்றார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு விஷயம் இடித்தது. இரண்டு வாரத்துக்குள் முப்பத்துநாலு எப்படி நூற்றுப் பன்னிரண்டு ஆகும்? "இதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் பெரியம்மாவின் முன்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் காகிதம்போல மெலிந்து, அங்கங்கே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அதில் ஒன்று நான் ஊசி குத்திய இடம். பத்து நாளைக்கு முன் எடுத்தது, இன்னும் ஆறவில்லை. பூரித்த அந்த முகத்தையும் காட்டினார். நான் கிள்ளிக் கொஞ்சிய கன்னம். இதையெல்லாம் தினமும் வேறு மனிதர்களின் உடம்பில் பார்க்கிறவள் நான்.

அன்று மத்தியானமே கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. நான் குரலைத் தாழ்த்தவில்லை. "அண்ணாச்சி, பெரியம்மா செட்டுல என்ன போட்டுக் குடுத்தீங்க? சத்து மாத்திரன்னு எங்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள வா தாயி, எல்லாரும் பாக்காங்க" என்றார். நான் அசையவில்லை. அவர் வந்தவர்களை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஸ்டீராய்டுதான். சின்னது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றார்.

"அன்னைக்குப் போன்ல கேட்டேன்லா?"

"டாக்டர் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருப்பாருன்னு நெனச்சேன். லைசென்ஸப் புடுங்கிருவானுவளோன்னு பயந்துட்டேன்."

"சரி. மறுநாள் என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா? நான் இந்த வழியாத்தான தெனம் போறேன்?"

அவர் கண்ணாடி மேசையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். என் போன் வந்த பிறகு பயந்துபோய், பெரியம்மாவுக்கு இனிமேல் செட் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். பெரியம்மா இரண்டு முறை வந்து கெஞ்சிக் கேட்டும் கொடுக்கவில்லையாம். அதைப் பெரிய நல்ல காரியம்போலச் சொன்னார். நாலு மாதம் கொடுத்த மருந்தை ஒரே நாளில் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று மருந்து விற்கிறவருக்குத் தெரியாதா? கத்தினேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து, "என்ன மட்டும் ஏன் கேக்க? ஒம் பெரியம்மாளுக்குத் தெரியாதா? இது ஸ்டீராய்டு, டாக்டர்மாருக்குப் புடிக்காது, வெளிய சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். போயிக் கேளு" என்றார்.

அவர் தன் தப்பை மறைக்க அடுத்தவர் தலையில் பழியைப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் மருத்துவமனைக்குத் திரும்பினேன். பெரியம்மா கட்டிலில் சாய்ந்து, கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டில்காரியிடம் பாறை மீனுக்கும் ஊளி மீனுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"தெரியும்" என்றார்.

"டாக்டர் ஒங்க மொகத்தப் பாத்துக் கேட்டாரே பெரியம்மா. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"நீ உக்காந்திருந்ததுனாலதான் சொல்லல. சொன்னா நீ நிறுத்திப்புடுவ. அது இல்லாம என்னால சட்டி தூக்க முடியாதுளா. தூக்காட்டா ஒன் வீட்டு மூலையில வந்து உக்காரணும். இத்துனூண்டு மாத்திர, என்ன பெருசா செஞ்சிரும்னு இருந்துட்டேன்."

"அந்த ஒம்பது நாளும் தல வலிச்சிதா?"

"வலிச்சிது. மொதல்ல இருந்தத விடக் கூட."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான தூக்கிக் குப்பையில போட்ட. ஒங்கிட்ட என்னன்னு சொல்ல?"

இந்த இடத்தில் என் கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு கண் போய்க் கட்டிலில் கிடக்கும் மனுஷியிடம், நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று சொல்கிற வாய் என்னிடம் மட்டும் எப்படிப் பொய் சொன்னது என்று கேட்டேன். வாடிக்கைக்காரிகளுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லையா என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து வெளியே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என்னை ஏமாற்றியவர்கள் இரண்டு பேரும் நான் முழுதாக நம்பியவர்கள். ஒருவர் பயத்தில் ஏமாற்றினார், ஒருவர் பிடிவாதத்தில் ஏமாற்றினார். மூன்றாவதாக அந்தக் கண்ணாடிக் குழாயும் ஏமாற்றியது. ஆனால் குழாயைக் குற்றம் சொல்ல முடியாது. மருந்து கலந்த ரத்தத்தை ஊற்றிவிட்டு உண்மையைச் சொல் என்றால் அது எங்கே போகும்?

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. அண்ணாச்சி கொடுத்ததும் இந்த நோய்க்குக் கொடுக்கிற மருந்தின் வகைதான், ஆனால் அளவு போதாது, வலியை அமுக்கும், ரத்தச் சோதனையை மழுப்பும், கண்ணைக் காப்பாற்றாது என்றார். "அந்தச் சின்ன மாத்திரையப் பத்தி அன்னைக்கு யாராவது ஒருத்தர் வாயத் தொறந்திருந்தா, அந்த டாக்டர் முப்பத்துநால நம்பியிருக்க மாட்டார். அப்பவே அளவக் கூட்டியிருப்பார்" என்றார். அந்த முதல் டாக்டரின் அறைக்குள் அன்று மூன்று பேர் இருந்தோம், போனில் ஒருவர். நாலு பேரில் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது.

அண்ணாச்சிமேல் புகார் எழுதினேன். பெரியம்மா கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். "அவன் சொல்லித்தான் குடுத்தான், நான் தெரிஞ்சுதான் தின்னேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவர் இல்லாமல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்றார்கள். கடை இப்போதும் திறந்திருக்கிறது. காலையில் வரிசையும் நிற்கிறது. நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அறுபது தாண்டிய யாராவது தலைவலி என்று சீட்டோடு வந்தால், ஊசி குத்துவதற்கு முன்னால் சீப்பு பட்டால் வலிக்கிறதா, மென்றால் தாடை கடுக்கிறதா, கடையில் செட் வாங்கிச் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் விடுவதில்லை. நிறையப் பேர் இல்லை என்கிறார்கள். நான் சீட்டின் ஓரத்தில் 'கேட்டேன், இல்லை என்கிறார்' என்று எழுதி அனுப்புகிறேன். உடன் வேலை பார்க்கும் பெண்கள் என்னைப் போலீஸ்காரி என்று கிண்டல் செய்கிறார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பெரியம்மா என் வீட்டில்தான் இருக்கிறார், அவர் பயந்த அந்த மூலையில். சட்டியை விற்றுவிடச் சொன்னார். நான் விற்கவில்லை, அதில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை, தலைவலி உண்டா என்று அவரிடம் கேட்டும், மாதாமாதம் நான் எடுக்கும் ரத்தத்தைப் பார்த்தும் டாக்டரம்மா முடிவு செய்கிறார். மிச்சம் இருக்கும் இடது கண் அந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. அவசரப்பட்டுக் குறைத்தால் அதுவும் போகலாம். ஒவ்வொரு மாதமும் கையில் ரப்பர் பட்டை கட்டும்போது, "டாக்டரம்மா குடுத்தது தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். "இல்லளா" என்பார். பதினெட்டு வரும், இருபது வரும், பதினாறு வரும். யாருக்கும் வரக்கூடிய நல்ல எண்கள். எனக்குத்தான் நிம்மதி வருவதில்லை. ஒளித்துத் தின்ற மாத்திரையும் இதே எண்ணைத்தான் காட்டும் என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது.

போன மாதம் பன்னிரண்டு வந்தது. இதுவரை வந்ததிலேயே குறைவு. டாக்டரம்மா இன்னும் ஒரு மாத்திரை குறைத்துவிடலாம் என்றார். நான் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா பெரியம்மா?"

"இல்லளா."

"சத்தியமா?"

அவர் பூண்டைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய தன் கோயில் பையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "நான் சொன்னா நீ நம்ப மாட்ட. பாத்துக்க" என்றார்.

அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வேண்டாம் பெரியம்மா, நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பொய்யாகவாவது. நான் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். ஜெபமாலை, கைக்குட்டை, பேருந்துச் சீட்டுகள், ஒரு ஊக்கு, காய்ந்த வெற்றிலை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையைக் கவிழ்த்து உதறினேன். உள்ஜிப்பைத் திறந்து விரலை விட்டுத் தடவினேன். தையல் ஓரம் முழுக்க நெருடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படியும் மனது ஆறாமல் அவருடைய துணி அடுக்கைக் கலைக்க எழுந்தேன். பெரியம்மா நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டு, பார்வையில்லாத கண் என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, நான் தேடி முடிக்கும்வரை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.